லைன் கிளியர்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் குடிவந்த வார்த்தைகளில் முக்கால்வாசி நல்ல குடித்தனக்காரர்கள். பஸ் என்றால் பஸ், டிக்கெட் என்றால் டிக்கெட். கொடுத்த அறையில் இருந்துகொள்ளும், அடுத்த அறையை எட்டிப் பார்க்காது. இந்த 'லைன்' மட்டும் இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ரகம். கடை வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றால் லைன். போனில் எதிர்முனை கிடைத்தால் லைன். ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள் லைன் வீடுகள். ஒருவன் செய்கிற தொழில் அவனுடைய லைன். ஒரு பெண் வேலை விட்டு வருகிற நேரமாகப் பார்த்து ஒருவன் சைக்கிளை நிறுத்தி, டயரில் காற்று இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தால், அதற்கும் லைன் என்றுதான் பெயர்.

அன்றைக்கு மதியம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதில் ஓர் உயிர் தொங்கியது. அதுவும் மின்நிலைய ஆபரேட்டர் ஒருத்தியின் கூடப் பிறந்த தம்பியின் உயிர்.

ஆபரேட்டர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு துணை மின்நிலையத்தில். அவள் படித்தது என்னவோ ஆங்கில இலக்கியம். அப்பா வேலையில் இருக்கும்போதே போய்விட்டதால் அந்த வேலை அவளுக்கு வந்தது. பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். அம்மா அதற்கு முன்பே போயாகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அவனும் அதே இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்தான். எந்நேரமும் கம்பத்தின் மேலேயே இருப்பதால் அவனுக்குக் குருவி என்று பெயர். அவள் கீழே சுவிட்சுப் பலகைக்கு முன்னால், அவன் மேலே கம்பிக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு போன்.

லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "லைன் கிளியர் குடுங்க" என்பான். அவள் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் கைப்பிடியைக் கழற்றித் தன் மேஜையில் வைத்து, 'ஆட்கள் வேலையில்' என்ற பலகையை மாட்டிவிட்டு, "குடுத்தாச்சு" என்பாள். வேலை முடிந்ததும் அதே ஆள் கூப்பிட்டு, தன் பெயரைச் சொல்லி, ஆட்களும் சாமான்களும் இறங்கியாச்சு, லைன் கிளியர், என்று சொல்ல வேண்டும். அப்போது அவள் மின்சாரத்தைக் கொடுப்பாள். ஆக, ஏறும்போது சொன்னால் நிறுத்து என்று அர்த்தம், இறங்கிய பின் சொன்னால் கொடு என்று அர்த்தம். ஒரே வார்த்தைக்கு நேர் எதிராக இரண்டு அர்த்தம் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் நிச்சயமாகக் கம்பம் ஏறியவனாக இருக்க முடியாது.

அக்காளும் தம்பியும் பேச்சுவார்த்தையில் இருந்த காலத்தில் இந்த வார்த்தையை வைத்தே வீட்டில் பொழுது போகும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் தான் படித்ததை எடுத்துவிட்டாள். ஆளிவிதை காய்க்கிற செடி இருக்கிறதே, அதன் நாருக்குப் பழைய லத்தீனில் இருந்த பெயர்தான் இதற்கு மூலம். அந்த நாரைத் திரித்து நூலாக்கினார்கள். கொத்தனார் சுவர் கோணாமல் இருக்கக் கட்டினது அந்த நூல், மீன் பிடிக்கிறவன் தூண்டிலில் கட்டினதும் அந்த நூல். நூல் நேராக இருந்ததால் நேராக இருந்ததெல்லாம் லைன் ஆகிவிட்டது. வரி, வரிசை, தண்டவாளம், கம்பி, பரம்பரை எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த நாரில் நெய்த துணியை உடுப்புக்கு உள்ளே வைத்துத் தைத்ததால் தையல்காரர்கள் சொல்கிற லைனிங்கூட அதே குடும்பம்தான் என்றாள்.

தம்பி கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் யோசித்தான். "அப்ப நூல்தானா அது? நாம ஒருத்தன் பொண்ணு பின்னாடி சுத்தினா நூல் விடறான்னும் சொல்றோம், லைன் விடறான்னும் சொல்றோம். எவனோ படிக்காத பயதான் சொல்லியிருப்பான், ஆனா சரியாச் சொல்லியிருக்கான் பாரு" என்றான். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஆனால் அவன் அதைச் சும்மா சொல்லவில்லை. அக்காளின் ரவிக்கைக்கு லைனிங் துணி கொடுக்கப் போன இடத்தில் அந்தத் தையற்கடைப் பெண்ணுக்கு அவன் ஏற்கெனவே லைன் போட்டுவிட்டு வந்திருந்தான். அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவனுடைய ஃபோர்மேனின் மகள். ஃபோர்மேன் கம்பம் நட குழி வெட்டுகிற கூலியாளாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்த மனிதர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். குருவிக்குக் கம்பம் ஏறச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

கல்யாணப் பேச்சை எடுத்தபோது அக்காளுக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டது. தான் எம்.ஏ., தம்பி டிப்ளமோ, அப்பா அதே இலாகாவில் ஆபீசில் இருந்தவர். போயும் போயும் குழி வெட்டினவர் வீட்டிலா என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டிருக்கலாம். "அவங்க லைன் வேற, நம்ம லைன் வேற" என்று வாயையும் விட்டாள். அந்த நேரம் பார்த்து, தம்பி மறந்துவிட்டு வந்த கையுறையைக் கொடுக்க ஃபோர்மேன் வாசலில் வந்து நின்றிருந்தார். அவருடைய காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. கையுறையை ஜன்னலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் குருவியிடம், அக்கா அப்படிச் சொன்ன வீட்டுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

தம்பி துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பி ஒரு லைன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து வீட்டுப் பேச்சு நின்றது. வேலைப் பேச்சை நிறுத்த முடியாதே, அதனால் அதைச் சுருக்கினான். "மேடம், லைன் கிளியர் வேணும்" என்பான், வைத்துவிடுவான். வேலை முடிந்ததும் "மேடம், லைன் கிளியர்" என்பான், வைத்துவிடுவான். பெயர் சொல்வதும், ஆட்கள் இறங்கியதைச் சொல்வதும் காணாமல் போயின. அவள் கேட்டிருக்க வேண்டும். தம்பியின் குரல் எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், கேட்டால் அவன் இன்னொரு தடவை மேடம் என்பானே, அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் விட்டாள்.

அன்றைக்குக் காலையில் அடித்த காற்றில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. அந்தப் பாதையில்தான் ஆஸ்பத்திரி இருந்தது. குருவியும் ஃபோர்மேனும் போனார்கள். "மேடம், லைன் கிளியர் வேணும்" என்று தம்பி கேட்டான். அவள் நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றி மேஜையில் வைத்து, பலகையை மாட்டினாள். பிறகு காத்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

காத்திருக்கிற வேலை எல்லா வேலையிலும் கெட்டது. அறையில் சுவரை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறப் பெட்டிகள், அவற்றில் முள் ஆடுகிற மீட்டர்கள், சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். அந்த ஒரு பாதையின் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான இன்ஜினியர் கூப்பிட்டுக் கேட்டார், முடிந்துவிட்டதா என்று. இன்னும் இல்லை என்றாள். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே கூப்பிட்டார். ஜெனரேட்டர் சூடாகிறது, உள்ளே ஓர் ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை உறுத்தியது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த போன் வந்தது. எடுத்ததும் ஒரே இரைச்சல், காற்று மைக்கில் மோதுகிற சத்தம். நடுவில் தம்பியின் குரல்.

"...க்கா... லைன் கிளியர்..."

அதற்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, காற்றா, கத்தலா என்று பிடிபடவில்லை. அதோடு அறுந்துவிட்டது. அவள் திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த டவருக்கும் இதே பாதையில்தான் மின்சாரம் போனது; பேட்டரியும் தீர்ந்திருக்கும். ஃபோர்மேனின் எண்ணுக்குப் போட்டாள். அதே பெண், அதே நிதானம்.

கைப்பிடி மேஜைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை.

வேலை முடிந்தது, கொடு, என்று சொல்லியிருக்கலாம். முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் கேள்வி கேட்டிருந்தால்? 'லைன் கிளியரா' என்று கேட்டு, கடைசி 'ஆ' காற்றில் போயிருந்தால்? அறுந்த முனையைத் தொடுமுன் இன்னொரு தடவை உறுதி செய்துகொள்கிறவர்கள் உண்டு, ஃபோர்மேன் அப்படித்தான் செய்வார். அல்லது போன் லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்டானோ? தமிழில் ஒரு நெடில் உதிர்ந்தால் கேள்வி பதிலாகிவிடும். அவள் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறாள். எதிலும் ஓர் எழுத்தை இப்படித் தேடியதில்லை. தவறி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் இழுத்துவிடுகிற எர்த் கம்பியைக் கம்பத்தடியில் மாட்டியிருப்பார்கள்தான். அதை நம்பி ஓர் ஆளை மேலே வைத்துக்கொண்டு மின்சாரத்தைக் கொடுக்கிறவன் மனிதன் இல்லை.

காவலாளியைக் கூப்பிட்டாள். அவர் தள்ளாடுகிற மொபெட் ஒன்று வைத்திருந்தார். பாலம் தாண்டிப் போய், அவர்கள் மேலே இருக்கிறார்களா கீழே இருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஏதாவது வீட்டில் கம்பி போன் இருந்தால் அங்கிருந்து சொல்லச் சொன்னாள். காவலாளி மழையைப் பார்த்தார், அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மொபெட் சத்தம் மறைவதற்குள் இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டார். தம்பி பேசினானா என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"லைன் கிளியர்னு கேட்டுச்சு சார்."

"அப்புறம் என்ன? போட வேண்டியதுதானே?"

"பேர் சொல்லல சார். இறங்கியாச்சுன்னும் சொல்லல."

"இத்தனை நாளா சொன்னானா?"

இத்தனை நாளும் அவன் சொல்லாமலே அவள் போட்டிருக்கிறாள் என்பது இன்ஜினியருக்கும் தெரிந்திருந்தது. நானே வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. வயதில் அவளைவிடச் சின்னவர், இந்த இடத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஐந்தாறு பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருந்தார்கள். நனைந்த சட்டையோடு உள்ளே வந்தவர் நேராகச் சுவிட்சுப் பலகைக்குத்தான் போனார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. திரும்பிப் பார்த்தார். அது அவளுடைய மடியில், இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது.

கொடுங்கள் என்றார். ஆள் போயிருக்கிறது, இப்போது தெரிந்துவிடும் என்றாள். மழையில் மொபெட் எங்கே போய்ச் சேரும், அதற்குள் ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது என்றார். நீங்கள் பயப்படுவது தம்பி என்பதால்தான், வேறு லைன்மேன் சொல்லியிருந்தால் இந்நேரம் போட்டிருப்பீர்கள் என்றும் சொன்னார். அது அவளைச் சுட்டது. அதில் பாதி நிஜம்.

"சார், அவன் அக்கான்னு கூப்பிட்டான்."

இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி அக்கான்னு கூப்பிடாம பின்ன அத்தைன்னா கூப்பிடுவான்?"

"இத்தனை நாளும் மேடம்னுதான் சார் கூப்பிட்டான். என்மேல கோவம். வேலைன்னா மேடம்தான், ஒரு தடவைகூடத் தவறினது இல்ல. இன்னைக்கு அக்கான்னான். அப்ப அவன் வேலை விஷயமாப் பேசல. அது வேற ஏதோ."

சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாக்காக ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இன்ஜினியர் மேஜை போனைக் காட்டினார். ஆஸ்பத்திரியிலும் இதையே சொல்லட்டுமா, அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் கரண்ட் இல்லை என்று சொல்லட்டுமா, என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்ன சொல்வது என்று தெரியாமல்தான் கேட்டார்.

மேஜை போன் அடித்தது. இரண்டு பேரும் அதன்மேல் பாய்ந்தார்கள், இன்ஜினியர் கையில் அகப்பட்டது. டாக்டர்தான். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இன்ஜினியர் "இதோ" என்றார், "இதோ" என்று இன்னொரு தடவையும் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு கையை நீட்டினார். பொறுப்பு என்னுடையது, நானே போடுகிறேன், உங்கள்மேல் ஒரு தூசு விழாது என்றார்.

அவள் எழுந்தாள். அவருக்கு வழிவிடாமல் தானே போய்க் கைப்பிடியை ஓட்டையில் பொருத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். யாரோ ஒருவரின் அம்மாவோ பிள்ளையோ ஆபரேஷன் மேஜையில் கிடக்கிறது. தன் தம்பியோ ஒருவேளை கீழே இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, அக்காளுக்கு இன்னும் போடத் தெரியவில்லையே என்று திட்டிக்கொண்டிருக்கலாம். கைப்பிடி அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கால் சுற்றுத் திருப்பினால் போதும். அவளுடைய மணிக்கட்டு திரும்பவில்லை. காதுக்குள் அந்த 'க்கா' மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பாழாய்ப்போன பயல் எதற்காக அக்கா என்று கூப்பிட்டான்?

"திருப்புங்க" என்றார் இன்ஜினியர்.

"முடியாது சார்" என்றாள். கைப்பிடியை உருவி எடுத்து, சுவிட்சுப் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். "சஸ்பெண்ட் பண்ணிக்குங்க. அவன் இறங்கிட்டான்னு என் காதால கேக்காம இதை நான் குடுக்க மாட்டேன்."

இன்ஜினியர் ஓரடி முன்னால் வந்தார். வந்தவர் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. போன் மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்தவர் அவர்தான், எடுத்தார். காவலாளிக்குக் கொஞ்சம் காது மந்தம், அதனால் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். இரண்டு பேருக்கும் கேட்டது.

"அம்மா, போட்டுடாதீங்க. ரெண்டு பேரும் மேலதான் இருக்காங்க. ஃபோர்மேன் அந்த அறுந்த கம்பியைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

இன்ஜினியர் ரிசீவரைக் கீழே வைக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. நனைந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். அவள் பலகையோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியை இன்னும் விடவில்லை. சத்தம் போட்டு அழ வேண்டும்போல இருந்தது, அழுகை வரவில்லை.

சற்று நேரம் கழித்து, அந்த வீட்டு போனில் தம்பியே பேசினான். காவலாளி கீழேயிருந்து கத்தி அவனை இறக்கியிருந்தார். மூச்சிரைத்தது. என்ன அக்கா, என்ன ஆச்சு என்று கேட்டான். நீ என்னிடம் போனில் என்ன சொன்னாய் என்று கேட்டாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. காதில் விழுந்ததை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"நான் அந்த லைன் கிளியரைச் சொல்லலக்கா" என்றான். "ஃபோர்மேன் சரின்னுட்டாரு. எதிர்க் கம்பத்துல நின்னுக்கிட்டே சொன்னாரு. உங்க அக்கா ஏதோ கோவத்துல சொன்னதுக்கு எம் பொண்ணை எதுக்குத் தண்டிக்கணும், கட்டிக்கடான்னாரு. எனக்கு உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. அங்கேயே போனை எடுத்து, அக்கா, நம்ம லைன் கிளியர் ஆயிடுச்சுன்னு சொன்னேன். நீ சிரிப்பேன்னு நெனச்சேன். கட்டாயிடுச்சு."

அவள் கையில் இருந்த கைப்பிடியைப் பார்த்தாள்.

"அக்கா?"

"கம்பத்து மேல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லலாமாடா? நான் போட்டிருந்தா?"

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவனைத் திட்ட அவளிடம் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. திட்டத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்றும் தெரிந்தது. அவன் வீட்டில் இருந்திருந்தால் சாயங்காலம் வந்து, கை கழுவிக்கொண்டே சொல்லியிருப்பான். அவனை வெளியே அனுப்பியது யார்? பேச்சை இரண்டு வார்த்தையாகச் சுருக்க வைத்தது யார்? குழி வெட்டினவர் என்று அவள் யாரை ஒதுக்கினாளோ, அந்த மனிதர் இந்த நிமிஷமும் அவளை நம்பி, அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் கை ஒரு கால் சுற்றுத் திரும்பியிருந்தால் அந்தத் தையற்கடைப் பெண்ணுக்கு அப்பாவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வெட்கத்தில் அவளுக்கு உடம்பு எரிந்தது.

மேலே போய் அவருக்குக் கை கொடு, சீக்கிரம் முடியுங்கள், ஆஸ்பத்திரி பேட்டரியில் ஓடுகிறது என்று மட்டும் சொன்னாள்.

இன்ஜினியர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, கம்பியில் ஆள் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை "இதோ" என்று சொல்லவில்லை. டாக்டர் சரி என்றார். தையல் போட்டு முடிக்கிற கட்டம்தான், பேட்டரி பிடித்து நிற்கிறது என்றார். இன்ஜினியர் ரிசீவரை வைத்துவிட்டு, "நான் அதை உங்ககிட்டேந்து வாங்கியிருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து வாசலில் போய் மழையைப் பார்த்து நின்றார். அவளும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பொருத்தினவள் அவள்தானே.

போன் வந்தபோது அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மேடம்" என்றான் தம்பி. குரலில் பழைய முறுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. தன் பெயரைச் சொன்னான். ஆள் எல்லாம் இறங்கியாச்சு, சாமான் எல்லாம் இறக்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசி வார்த்தைக்கு வந்ததும் அவனுக்கு நாக்குத் தடுமாறியது.

"போனை அவர்கிட்ட குடு" என்றாள்.

"யார்கிட்ட?"

"உன் பக்கத்துல நிக்கிறாரே, அவர்கிட்ட."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. கையுறையைக் கழற்றுகிற சத்தமும் கேட்டது. பிறகு ஒரு கனைப்பு. அவள் பேசட்டும் என்று அவர் காத்திருந்தார். அவருக்கு அவள்மேல் வருத்தம் இருக்க எல்லா நியாயமும் உண்டு. மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கலாமா என்று பார்த்தாள். பக்கத்தில் இன்ஜினியர், அந்தப் பக்கம் காவலாளி, ஆஸ்பத்திரியில் பேட்டரி. இத்தனைக்கும் நடுவில் பெரிய பேச்சுக்கு எங்கே நேரம்? அவளுக்கு வந்தது ஒரு வார்த்தைதான்.

"சம்பந்தி" என்றாள். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். "சம்பந்தி, நீங்க கீழ இறங்கியாச்சா?"

அந்தப் பக்கம் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி ஏதோ கேட்க, அவர் அவனைச் சும்மா இருக்கச் சொல்வதும் கேட்டது.

"இறங்கி நின்னுக்கிட்டிருக்கேன்" என்றார் ஃபோர்மேன். "மாப்பிள்ளையும் இங்கதான் இருக்கார், கையைப் புடிச்சு வச்சிருக்கேன். நீங்க போடலாம் சம்பந்தியம்மா."

அவள் 'ஆட்கள் வேலையில்' பலகையைக் கழற்றினாள், கைப்பிடியைப் பொருத்தித் திருப்பினாள். படுத்துக்கிடந்த முள் துள்ளி எழுந்து நின்றது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இன்ஜினியர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.